ஒருத்தன் கத்துக்கிட்டா போதும்

பள்ளிச் சான்றிதழ்படி எங்கள் தாத்தா 1940 ஜூன் மாதம் பிறந்தவர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள். தேதியைப் போட்டது வாத்தியார். "நான் பொறந்தப்ப ஏரி ரொம்பிக் கோடி போச்சுன்னு எங்கம்மா சொல்லும். ஜூன்ல எங்கடா ஏரி கோடி போவும்?" என்று தாத்தா கேட்பார். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் அவர் என்னென்ன வேலை செய்தார் என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள்.

காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. அங்கே அவரை ஒருத்தர் மேஸ்திரி என்பார், இன்னொருத்தர் வாத்தியாரே என்பார். மேற்கே கொல்லைக்காட்டுப் பக்கம் போனால் மோட்டார்காரர். சந்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒட்டுக்காரர். அவர் இறந்தபோது இளவட்டப் பையன்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் 'பல்கலை வித்தகர்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வித்தகர் என்றால் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அதன் உச்சிக்குப் போனவர். தாத்தா எதையும் அப்படிப் பிடித்துக்கொண்டவர் இல்லை. ஊரில் ஒரு வேலைக்கு ஆள் இல்லையென்றால் எங்காவது போய்க் கற்றுக்கொண்டு வருவார், செய்வார். பக்கத்தில் நின்று பார்க்கிற ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவன் தனியாகச் செய்ய ஆரம்பித்த அன்றைக்கு இவர் கையைக் கழுவிவிடுவார். "ஒருத்தன் கத்துக்கிட்டா போதும், இனி அவன் பாத்துக்குவான்." எந்த வேலையில் நாலு காசு வரத் தொடங்குமோ அந்த இடத்தில்தான் இந்த வசனமும் வரும். அதனால் வீட்டை ஓட்டியது இரண்டு எருமைகளும், ஆயா என்று நாங்கள் கூப்பிடுகிற பாட்டியும். பேனரில் அதைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வேலை கிருஷ்ணகிரி அணை. காமராஜர் ஆட்சியில், 1950-களில், பெரியமுத்தூர் அருகே தென்பெண்ணையின் குறுக்கே அணை கட்டியபோது பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் ஆள் எடுத்தார்கள். தாத்தாவுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது. சுண்ணாம்புக் கலவைச் சட்டி தூக்கப் போனவர். பையனுக்குக் கணக்கு வருகிறது என்று யாரோ கண்டுபிடித்து, அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க விட்டிருக்கிறார்கள். அங்கே மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டார். தூக்குக்குண்டு, ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய குழாய், இவ்வளவுதான் சாமான். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அஸ்திவாரக் கயிறு போட்டது அவர்தான். ஒரு வீட்டின் மூலை சரியான மூலையா என்று பார்க்க மூன்று முழம், நாலு முழம், ஐந்து முழம் என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு இழுப்பார். அது பாடப்புத்தகத்தில் இருக்கிற தேற்றம் என்று நான் எட்டாவது படிக்கும்போது சொன்னேன். "அப்படியா, புஸ்தகத்துலயும் போட்டுட்டாங்களா?" என்றார்.

அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. இடதும் வலதுமாக இரண்டு கால்வாய்கள், சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம். எங்கள் ஊர் மேட்டில் இருப்பதால் அந்தத் தண்ணீர் ஏறாது. கால்வாய் போகிற பக்கத்தில் இரண்டு போகம் நெல் விளைந்தபோது எங்கள் பக்கம் கேழ்வரகும் கொள்ளும்தான். சட்டி தூக்கிக் கட்டின அணையில் இருந்து ஒரு வாய்க்கால்கூட வரவில்லையே என்று அவர் புலம்பி யாரும் கேட்டதில்லை. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது மட்டம் பார்த்தவருக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

2017 நவம்பர் கடைசியில் அணையின் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. டிவியில் செய்தி ஓடியதும் என் அண்ணனைப் பைக் எடுக்கச் சொன்னார். எண்பதை நெருங்கியிருந்த வயது, முழங்கால் வலி வேறு. அங்கே ஊரே திரண்டு தண்ணீர் சீறிக்கொண்டு போவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இவர் மட்டும் தண்ணீரைப் பார்க்காமல் கட்டடத்தையே ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இரும்புதான் போயிருக்கு. கல்லு நிக்குது. வா போலாம்" என்று கிளம்பிவிட்டாராம். வழியில் டீ கூடக் குடிக்கவில்லை என்று அண்ணனுக்குக் குறை.

மேட்டு ஊர் என்பதால் எங்களுக்குக் கிணறுதான் எல்லாம். இந்தப் பக்கம் பூமிக்குள் கொஞ்சம் போனாலே பாறை. வெடி வைத்துத்தான் கிணறு வெட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் பல்லில் இருக்கிற அந்தப் பழுப்புக் கறையை வைத்தே வெளியூரில் எங்களை அடையாளம் கண்டுவிடுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கும்வரை மூன்று தலைமுறை அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. தாத்தாவுக்கும் அந்தப் பல்தான். சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிற ஆட்கள் எங்கள் ஊரில் அதிகம். இவர் மூட மாட்டார். கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் வாயை மூடிச் சிரித்தால் ஆகுமா?

கிணறு இருந்தால் இன்ஜின் வேண்டும், கரண்டு வந்ததும் மோட்டார் வேண்டும். வோல்டேஜ் எப்போதும் கம்மி, அதனால் மோட்டார் எரியும். எரிந்த மோட்டாரை மாட்டுவண்டியில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி எடுத்துவர ஒரு வாரம் ஆகும். அதற்குள் கத்தரிக்காய்ச் செடி காய்ந்துவிடும். தாத்தாவுக்கு நாற்பது வயது ஆனபோது ஒரு மோட்டாரோடு தானும் போய் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் காயிலைப் பிரிப்பதையும் சுற்று எண்ணுவதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாளும் போனார். "என்ன பெரியவரே, மோட்டாரைத்தான் முடிச்சுக் குடுத்தாச்சே?" என்றதற்கு, "மோட்டார் முடிஞ்சுது, நான் முடியல" என்றாராம். இதை அவரே சொன்னதால் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் நம்ப வேண்டும்.

முதலில் கட்டின காயில் புகைந்துபோனது. மோட்டார் சொந்தக்காரருக்குப் பணம் கொடுக்க ஒரு கன்றுக்குட்டியை விற்றார்கள். அந்தக் கன்றுக்குட்டியின் நிறம், கொம்பு முளைத்த அழகு எல்லாவற்றையும் ஆயா இன்றைக்கும் சொல்லும். அப்புறம் கை பழகிவிட்டது. ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு மோட்டாருக்கும் எத்தனை சுற்று, என்ன கம்பி, யார் வீட்டு மோட்டார், எதனால் எரிந்தது என்று எழுதி வைப்பார். 'எதனால்' என்ற பத்தியில் பெரும்பாலும் 'வோல்டேஜ்' என்று இருக்கும். ஓரிடத்தில் 'மருமகனோடு சண்டை' என்று இருக்கிறது. கோபத்தில் ஸ்டார்ட்டரை மாற்றி மாற்றிப் போட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. 1990 வாக்கில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் வந்து, ஊரில் மோட்டார்கள் பெருகி, உண்மையாகவே சம்பாதிக்க வேண்டிய நேரத்தில், நோட்டையும் சுற்றுகிற கட்டையையும் கீழத்தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டார். ஆயா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மனு எழுதுகிற வேலை அவருக்கு எப்படி வந்தது என்றால், 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அதுவரை நிலக் கணக்கு என்பது கர்ணத்தின் வாய்ச்சொல். அது நல்லதற்குத்தான் போனது, ஆனால் போன கையோடு சிட்டா, அடங்கலைப் படித்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. தாத்தா பழைய கர்ணம் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். காயில் கடையில் உட்கார்ந்த அதே உட்காரல்தான். சில மாதங்களில் சர்வே எண், உட்பிரிவு, புறம்போக்கு, நத்தம் எல்லாம் அத்துப்படி.

அவருடைய மனுக்கள் எழுதி வைத்துப் படிக்க வேண்டியவை. 'தங்கள் பொற்பாதம் பணிந்து' என்கிற ரகம் அவருக்கு ஆகாது. "மனுவுல அழக்கூடாது. அழறதை நேர்ல அழுதுக்கலாம்" என்பார். யார், எந்த ஊர், என்ன நிலம், எந்தத் தேதியில் யாரிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. கடைசியில் மனுதாரர் கைநாட்டு வைக்கிறவராக இருந்தால், எழுதினதை இரண்டு தடவை அவருக்குப் படித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறக்க மாட்டார். காசு வாங்க மாட்டார், வெற்றிலை வாங்குவார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவர் மூன்று மாவட்டங்களைப் பார்த்த கதையையும் சொல்ல வேண்டும். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. "நான் நவுரவே இல்ல, கலெக்டர் ஆபீசுதான் என்னைத் தேடி வந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். கிருஷ்ணகிரி வந்த பிறகு திங்கட்கிழமைக் குறைதீர் நாளுக்குப் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம் என்பது அவருக்குப் பெரிய விஷயம். பஸ் நிறுத்தத்தில் திங்கட்கிழமை காலையில் ஒரு பழைய ரெக்சின் பையோடு நிற்பார். பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் பக்கத்துத் தெருவில் இ-சேவை மையம் வைத்ததும், பையில் இருந்த காகிதங்களைத் தரம் பிரித்து அவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஒரு பெண்ணுக்கு அவராகச் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் பெற்ற பெண்களுக்கு அவர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவருக்கு, அம்மாவும் சித்தியும் தண்ணீர் தூக்கிவர மட்டும்தான் வேண்டியிருந்தது. சித்தி அதற்காகக் கோபித்துக்கொண்டே கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். அம்மா வேறு மாதிரி.

மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவது தாத்தா சந்தூரில் கற்றுக்கொண்டது. சந்தூர் மாங்கன்றுகளுக்குப் பேர்போன ஊர். எங்கள் மாவட்டத்தில் மாம்பழம் என்றால் சாப்பிட மல்கோவாவும் செந்தூராவும் அல்போன்சாவும், லோடு ஏற்ற பெங்களூரா. மூக்கு வளைந்த அந்தக் காய்தான் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, ஊருக்குப் பணம் கொண்டுவருவதும் அதுதான். கொட்டை போட்டு முளைத்த மரம் எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது, காய்க்க வருஷமும் ஆகும். அதனால் ஒட்டு. ஆடி, ஆவணியில் தொட்டிகளில் இருக்கிற கொட்டைக்கன்றுகளைத் தாய்மரத்தின் கிளை உயரத்துக்குப் பரண் கட்டி ஏற்றுவார்கள். கன்றின் தண்டில் இரண்டு அங்குலம் பட்டையோடு கொஞ்சம் கட்டையையும் சீவ வேண்டும். கிளையிலும் அதே அளவு சீவி, இரண்டு காயங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கூடிவிடும். பிறகு கிளையைத் தாய்மரத்தில் இருந்து ஒரேயடியாக வெட்டக்கூடாது. முதலில் பாதி வெட்டு, கொஞ்ச நாள் விட்டு மிச்சம். பிள்ளைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்கிற மாதிரி என்று அம்மா சொல்வார்.

அந்த மூன்று மாதமும் பரண்மேல் இருக்கிற தொட்டிகள் காயக்கூடாது. குடத்தோடு ஏணியில் ஏறித் தினமும் தண்ணீர் ஊற்றியது பதினாலு வயது அம்மா. ஊற்றுகிறவளுக்குக் கண் இருக்கிறது அல்லவா? ஒரு வருஷம் பரணின் கடைசித் தொட்டி ஒன்றில் தாத்தா கட்டாத ஒட்டு ஒன்று கூடியிருந்தது. வாழைநார்க் கட்டின் முடிச்சு அவருடையது இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "கட்டு கொஞ்சம் இறுக்கம்" என்றாராம், அவ்வளவுதான். அது பாராட்டு என்று அம்மா இன்றும் சாதிக்கிறார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அடுத்த ஆடியில் பரணுக்கு இரண்டு கத்தி வந்திருக்கிறது. எங்கள் கொல்லையில் இப்போது காய்க்கிற மரங்களில் எது அவர் கட்டியது, எது அம்மா கட்டியது என்று காயை வைத்துச் சொல்ல முடியாது. அம்மா மட்டும் சொல்வார்.

தையல், சாணை பிடிப்பது, பிள்ளைகளுக்கு முடி வெட்டுவது எல்லாம் சில்லறை. பட்டுப்புழு வளர்ப்பில் மட்டும் சுத்தமாகத் தோற்றார். புழுவுக்கு வேளாவேளைக்கு மல்பெரி இலை போட வேண்டும். இவரோ யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்திருப்பார்.

இனி கூத்து. இந்த ஒன்றைத்தான் அவரால் யாரிடமும் கொடுத்துவிட்டு வர முடியவில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பல நாள் திருவிழா. மத்தியானத்தில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். ராத்திரியில் அதே கதை கூத்தாக விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மைதானத்தில் மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். அதன் மேலும் சுற்றிலும் வீமனும் துரியோதனனும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் புதைத்திருக்கிற சிவப்புக் கரைசலை உடைத்து, திரௌபதி கூந்தல் முடிவாள். பாரதம் படித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. துடைப்பத்தாலும் முறத்தாலும் அடி வாங்கினால் பீடை போகும் என்று அன்றைக்கு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளூர்ப் பகை தீர்த்துக்கொள்ள வசதியான வரிசை என்பது என் கருத்து.

தாத்தா துரியோதனன். இருபத்தைந்து வயதில் கட்டிய வேஷம். கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கல்யாணமுருங்கைக் கட்டையில் அவரே செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டினவை. அந்தக் கட்டை எடை இருக்காது, அதனால்தான் ராத்திரி முழுக்கத் தலையில் சுமந்து ஆட முடிகிறது. திரைக்குப் பின்னால் நின்று முதல் விருத்தத்தை எடுக்கும்போது முகவீணைக்காரர் அவரைப் பார்த்துத்தான் சுருதியைச் சரிசெய்வார். மைக் வந்த பிறகும் மைக்கை விட்டு இரண்டடி தள்ளியே நிற்பார். படுகளத்துக்கு மண் உருவம் செய்வதும் அவர்தான். ராத்திரி முழுக்க ஆடப்போகிறவர் பகலில் தானே தன் பிணத்தைப் பிசைந்துகொண்டிருப்பார். ஆயா படுகளம் பார்க்கப் போனதே கிடையாது. "கட்டுனவன் செத்துக் கெடக்கறத நான் வேற வந்து பாக்கணுமா?" என்று எருமைக்குத் தீனி வைக்கப் போய்விடும்.

இதையும் அவர் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. எத்தனையோ பையன்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். ஒருத்தன் தேறுவான், அவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைக்கும். இன்னொருத்தன் தேறுவான், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவான். பாரதத்துக்கு லீவு போட்டு வந்தாலும் ஒத்திகைக்கு வர முடியாது. மோட்டார் வேலை ஒரு ஆளைப் பிடித்து நிறுத்திவிடும், அதில் சோறு இருக்கிறது. கூத்தில் அது இல்லை. ஆகவே எழுபது வயது தாண்டியும் துரியோதனனாக அவரே ஓடினார். கடைசி வருஷங்களில் வீமனாக வந்தவர் அவரைவிட நாற்பது வயது இளையவர். துரத்துகிறவர் மூச்சு வாங்காமல் மெதுவாகத் துரத்த வேண்டியிருந்தது. ஊர் அதைக் கவனித்தது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவருடைய எல்லாக் கலையிலும் அவர் முதல்தரம் என்று நான் சொல்ல மாட்டேன். அவரைவிட நல்ல கொத்தனார் உண்டு, நல்ல ஒட்டுக்காரர் சந்தூரில் தெருவுக்கு நாலு பேர். துரியோதனன் மட்டும் வேறு. அதைப் பார்த்தவர்கள் இப்போதும் வேறு யாராவது அந்த வேஷத்தில் வந்தால் பாதியில் எழுந்துபோய் டீ குடிக்கிறார்கள்.

கொரோனா வந்த வருஷங்களில் பாரதம் நின்றது. அதற்கப்புறம் அவர் வேஷம் கட்டவில்லை. நுரையீரலில் சளி, இரண்டு தடவை ஆஸ்பத்திரி, பிறகு ஒரு மார்கழி விடியலில் போய்விட்டார். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

காரியத்தன்று கூட்டம் அடங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கிற ஒவ்வொருத்தரும் ஆயாவிடம் வந்து, "தாத்தாகிட்டதான் கத்துக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார்கள். மேஸ்திரிகள், இ-சேவைப் பெண், சந்தூரில் இருந்து வந்த நர்சரிக்காரர், முழுக்கை சட்டை போட்ட முன்னாள் அர்ச்சுனன் ஒருவர். ஆயா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. கீழத்தெருப் பையன் வந்தான். பையன் என்ன பையன், அவனுக்கும் நரைத்துவிட்டது, கடைத்தெருவில் சொந்தமாகக் கடை வைத்து இரண்டு ஆள் போட்டிருக்கிறான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆயா, தாத்தா குடுத்த நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்குது" என்றான்.

"நோட்டு இருக்கட்டும். எங்கூட்டு மோட்டாரு மூணு மாசமா ஓடல. கேட்டா, உங்கிட்ட சொல்லியிருக்குது, நீ வருவேன்னே சொல்லிட்டிருந்துச்சு அந்த மனுசன். போய்ப் பாரு" என்றது ஆயா.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான். காயில் போகவில்லை, கண்டன்சர்தான். ஆளை அனுப்பிக் கடையில் இருந்து எடுத்துவரச் சொல்லி மாட்டினான். சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்தது. காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். ஆயா விடவில்லை, சேலை முடிப்பை அவிழ்த்து இருநூறு ரூபாயை அவன் பையில் திணித்தது. "வாங்கிக்க. காசு வாங்காம வேலை செய்யறதையும் அவருகிட்டயே கத்துக்கிட்டியா?"